கம்ப்யூட்டருக்குக் கிரகம் பிடிக்குமா?

நம்முடைய நாட்டிலே ஒரு மாட்டுக்கு வயிறு ஊதினால், அது என்னத்தைத் தின்றது என்று பார்ப்பதற்கு முன்னால் யார் கண் பட்டது என்று பார்க்கிற வழக்கம் வெகு காலமாய் இருந்து வருகிறது. படிப்பு வந்தால் இந்த வழக்கம் போய்விடும் என்று சிலர் நம்பினார்கள். போகவில்லை. மாட்டுக் கொட்டகையை விட்டுப் புறப்பட்டு ஆபீசுக்குள் நுழைந்து கம்ப்யூட்டர் மேஜையின்மேல் உட்கார்ந்துகொண்டது என்பதுதான் நாம் இப்போது காணும் சங்கதி. எம்.ஏ., பி.இ. பட்டம் பெற்றவர்கள்கூட யந்திரம் மக்கர் செய்தால் "நேரம் சரியில்லை" என்கிறார்கள். கொஞ்சம் நாகரிகமாய்ச் சொல்ல விரும்புகிறவர்கள் "வைரஸ்" என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

ஈரோட்டில் நமக்கு வேண்டிய நண்பர் ஒருவர் கலியாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் முதலியவை அடிக்கும் சிறிய அச்சகம் ஒன்று வைத்து நடத்தி வருகிறார். ஆயுத பூசையன்று அவர் வேண்டாமென்று சொல்லியும் கேளாமல் வேலையாட்கள் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழமும் கட்டி, இரண்டு நாள் மெயின் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தால் பாங்கின் பக்கம் வரவில்லை, வரி கட்டும் பக்கம் வரவில்லை, ஈமெயிலும் வரவில்லை. எதைத் தொட்டாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிற எச்சரிக்கைதான். பூசையிலே ஏதோ குறை நேர்ந்துவிட்டது என்றார் ஒரு வேலையாள். நண்பர் அதற்குச் சிரித்துவிட்டு, பழுது பார்க்கிற ஒருவரை அழைத்தார். அவர் வந்து இரண்டு நிமிஷம் பார்த்தார். பிறகு நடந்த சம்பாஷணையை நண்பர் சொன்னபடியே தருகிறோம்:

"வைரஸ் வந்திருக்கிறது. ஃபார்மட் செய்ய வேண்டும்."

"என்ன வைரஸ்? எப்படி வந்தது?"

"அதெல்லாம் சொன்னால் உங்களுக்குப் புரியாது சார்."

வாசகர்களே! இந்தப் பதிலை நாம் இதற்கு முன் எங்கே கேட்டிருக்கிறோம்? மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டவனுக்கும் ஜாதகத்துக்குக் காரணம் கேட்டவனுக்கும் தலைமுறை தலைமுறையாய்க் கிடைத்து வந்தது இதே பதில்தான் அல்லவா? வேலையாளின் பேச்சுக்குச் சிரித்த நம் நண்பர் இந்தப் பேச்சுக்குச் சிரிக்கவில்லை. 1500 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். ஃபார்மட் ஆயிற்று. ஆறு வருஷமாய்ச் செய்து வைத்திருந்த பத்திரிகை மாதிரிகளும் வாடிக்கைக்காரர் கணக்கும் அதோடு அழிந்தன. நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று அவரும் கேட்கவில்லை. எடுக்கவில்லை என்று இவரும் சொல்லவில்லை. அன்று மாலை எல்லாப் பக்கங்களும் ஒழுங்காய் வந்தன. இரவு வழக்கம்போல் மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் பழையபடி அதே எச்சரிக்கை!

இதன் பிறகுதான் நமக்கு ஆள் வந்தது. நாம் இந்த வித்தையில் பண்டிதரல்ல. ஆயினும் திரையின் மூலையில் தேதி என்ன போட்டிருக்கிறது என்று மாத்திரம் பார்த்தோம். பல வருஷங்களுக்கு முந்திய ஒரு ஜனவரி மாதம் முதல் தேதி போட்டிருந்தது. சங்கதி அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குள்ளே காசு வடிவில் ஒரு சிறிய பாட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதற்காக வைத்தது அது. அது தீர்ந்துபோனால், மெயினை அணைத்ததும் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். பாங்கின் பக்கமோ, "நான் இன்ன பாங்கு, இந்தச் சான்று இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையில் செல்லும்" என்று ஒரு சான்றுப் பத்திரத்தை நீட்டுகிறது. நம் யந்திரம் அதைத் தன் தேதியோடு ஒத்துப் பார்த்து, இன்னும் பிறக்காத பத்திரமாயிருக்கிறதே என்று சந்தேகப்பட்டுத் தடுக்கிறது. அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. ஃபார்மட் செய்தவுடன் சரியானது எப்படியென்றால், புதிதாய்ப் போடுகிறபோது தேதியையும் திருத்தி வைத்தார்கள், அதனால்தான். வித்தியாசம் சில நிமிஷங்களானால் யந்திரம் தானே இணையத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். வருஷக் கணக்கில் போய்விட்டால் பெரும்பாலும் திருத்திக்கொள்வதில்லை. ஐம்பது ரூபாய் பெறாத பாட்டரி ஒன்றை வாங்கிப் போட்டதும் "கிரகம்" விலகிவிட்டது.

பழுது பார்க்கிறவரைத் திட்டுவதற்காக நாம் இதை எழுதவில்லை. அவர் நாளொன்றுக்குப் பத்து இடம் போகவேண்டிய தொழிலாளி. காரணம் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்குக் கூலி கொடுப்பார் இல்லை. "வைரஸ்" என்றால் உடனே கொடுக்கிறார்கள். ஆகவே குற்றம் யாருடையது என்று பார்த்தால், காரணம் கேட்காமல் காசை நீட்டுகிற நம்முடையதேயாகும்.

1947-ஆம் வருஷம் செப்டம்பர் 9-ந் தேதி அமெரிக்காவிலே ஹார்வர்டு சர்வகலாசாலையின் மார்க் 2 என்கிற கணக்கு யந்திரம் தவறு செய்தது. அங்கிருந்தவர்கள் எலுமிச்சம்பழம் தேடிப் போகவில்லை. யந்திரத்தைத் திறந்து ஒவ்வொரு பகுதியாய்ப் பார்த்துக்கொண்டு போனார்கள். 70-ஆம் எண்ணுள்ள ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி செத்துக் கிடந்தது. அதை எடுத்து வேலைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் சங்கதியையும் எழுதி வைத்தார்கள். யந்திரப் பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்னமே இருந்ததுதான். மெய்யாகவே ஒரு பூச்சி அகப்பட்டது அன்றைக்கு! அந்தப் புத்தகம் இன்றும் காட்சிசாலையில் பத்திரமாயிருக்கிறது. பழுது என்றால் அதற்கு ஓர் இடம் உண்டு, ஒரு காரணம் உண்டு, தேடினால் அகப்படும் என்பதுதான் இதிலுள்ள விசேஷம்.

நிற்க, வீடுகளில் தினசரி நடக்கிற கூத்து ஒன்று உண்டு. "நெட் வரவில்லை" என்கிற கூக்குரல் எழுந்தவுடன் ஒருவர் பெட்டியை அணைக்கிறார், ஒருவர் ஒயரை ஆட்டுகிறார், ஒருவர் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூன்று காரியம் செய்வதால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியாயிற்று என்று யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த தடவை மறுபடியும் மூன்று பேரும் ஓடவேண்டியதாகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை தீர்ந்தது. வரவில்லையென்றால் எல்லாருக்கும் வரவில்லையா, ஒரு போனுக்கு மாத்திரமா? ஒரு போனுக்கென்றால் பெட்டியின்மேல் குற்றமில்லை. எல்லாப் பக்கமும் வரவில்லையா, ஒரே ஒரு பக்கமா? ஒன்று மாத்திரமென்றால் அந்தப் பக்கத்துக்காரர் வீட்டில்தான் இழவு. உங்கள் வீட்டில் அல்ல. ஒயர் சொருகிய கம்ப்யூட்டரில் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் வெளியிலிருந்து வருகிற கம்பி நன்றாயிருக்கிறது என்று ருஜுவாகிவிட்டது. இன்னொன்று: போனில் வைஃபை குறி முழுதாய் நிற்பதைக் காட்டி, "சிக்னல் முழுசாய் இருக்கிறதே" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அந்தக் குறி போனுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள சேதியை மாத்திரம் சொல்லும். பெட்டிக்கு அப்பால் தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலும் அது முழுதாகவே நிற்கும்.

பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் பின்னறையில் வரவில்லை என்று கம்பெனிக்காரனைத் திட்டுகிற வீடுகளும் அநேகம். இரும்பைத் தாண்டி அலை போகாது. சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறபோது மாத்திரம் இணைப்பு தடுமாறினால் அதிலும் மாயமில்லை. அந்த அடுப்பும் பழைய ரக வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்கிற ஒரே அலைவரிசையில் வேலை செய்கின்றன.

அணைத்துப் போட்டால் சரியாகிறதே, அது மட்டும் மந்திரமில்லையா என்று கேட்கலாம். நாள் கணக்காய் ஓடுகிற யந்திரத்தின் நினைவிலே முடியாத வேலைகளும் தப்பான கணக்குகளும் சேர்ந்துபோகின்றன. அணைத்தால் அவை அழிந்து முதலிலிருந்து தொடங்குகிறது. ஆதலால் அணைத்துப் போடுவது தப்பல்ல. ஆனால் தினந்தோறும் அணைத்துப் போட்டால்தான் ஓடும் என்கிற நிலைமை வந்துவிட்டால், காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி, ஆபீசுகளில் பாஸ்வேர்டு என்கிற பெயரால் நடக்கும் சடங்கைப் பார்ப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். அதிலே பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று இருந்தாக வேண்டும். ஏன் என்று கேட்டால் "ரூல்" என்பார்கள். இந்த ரூல் பெரும்பாலும் எங்கிருந்து பரவிற்றென்றால், அமெரிக்க அரசாங்கத்தின் தரநிர்ணய நிலையமாகிய நிஸ்ட் என்பதற்காக 2003-ல் பில் பர் என்பவர் எழுதிய யோசனைகளிலிருந்து. 2017-ல் அதே கனவான், தாம் அன்று எழுதியவற்றில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொல்லிவிட்டார். அந்த வருஷமே நிஸ்டும் தன் விதியைத் திருத்தி, களவு போனதற்கு அடையாளம் இருந்தாலன்றிக் காலாகாலத்தில் மாற்றும்படி கட்டாயப்படுத்த வேண்டாம், குறி கலக்கச் சொல்லவும் வேண்டாம், நீளமாயிருக்கட்டும் என்று வெளியிட்டது. காரணம் வெகு சுலபம். மாற்று மாற்று என்று அடித்தால், ஊர்ப் பெயரோடு 1 சேர்த்தவர் அடுத்த தடவை 2 சேர்க்கிறார். அதுவும் மறந்துபோகுமென்று சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டுகிறார். சாஸ்திரம் எழுதியவரே தப்பு என்று ஒப்புக்கொள்வது உலகத்திலே அபூர்வம். அப்படி ஒப்புக்கொண்ட பிறகும் நம் ஆபீசுகளில் பல இன்னமும் அந்தப் பழைய சாஸ்திரத்துக்கே திவசம் செய்துகொண்டிருக்கின்றன. உண்மையில் ஆபத்தானது எதுவென்றால், ஒரே பாஸ்வேர்டைப் பாங்குக்கும் பலசரக்குக் கடைக்கும் வைப்பது. ஓரிடத்தில் களவு போனால் எல்லாவிடமும் திறந்துகொள்ளும். அதைப்பற்றி எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

இவ்வளவும் பணம் போகிற, நேரம் போகிற காரியம். இனிச் சொல்வது வாழ்க்கையே போகிற காரியம். நம் தெருவிலே ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவருக்குப் போனில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. காக்கி உடுப்புப் போட்ட ஆசாமி, பின்னாலே இலச்சினை, மேஜைமேல் கொடி. "உம்முடைய பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது, உம்மை டிஜிட்டல் அரெஸ்டு செய்திருக்கிறோம், காமிராவை விட்டு அகலக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது" என்றான். அந்தப் பெரியவர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் "சரிபார்ப்பதற்காக" என்று ஓய்வுப் பணத்தை அவன் சொன்ன கணக்குக்கு அனுப்பிவிட்டார். பூட்டை உடைக்கவில்லை, வைரஸ் எதுவும் வரவில்லை. கதவைத் திறந்து கொடுத்தது பயம். நாற்பது வருஷம் மேலதிகாரி சொன்னதை "ஏன்" என்று கேளாமல் செய்து பழகிய கை, உடுப்பைக் கண்டதும் தானாகவே பணத்தை அனுப்பிவிட்டது.

டிஜிட்டல் அரெஸ்டு என்று ஒன்று இந்திய நாட்டுச் சட்டத்தில் எங்கும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே ரேடியோவில் இதைச் சொன்னார். எந்தப் போலீசும் வீடியோவில் கைது செய்வதில்லை, பணத்தைச் சரிபார்க்க அனுப்பச் சொல்வதுமில்லை. போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்கிறவனும், "உங்கள் கம்ப்யூட்டரில் கோளாறு, இந்த ஆப்பைப் போடுங்கள், நான் இங்கிருந்தே பார்க்கிறேன்" என்கிறவனும் இதே ஜாதி. பணம் போய்விட்டதென்று தெரிந்த நிமிஷமே 1930 என்கிற எண்ணுக்குப் பேசவேண்டும். சீக்கிரம் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க இடமுண்டு. நம் பெரியவர் வெட்கப்பட்டுக்கொண்டு பத்து நாள் சும்மா இருந்துவிட்டார்.

அப்டேட் போட்டால் யந்திரம் மெதுவாகிவிடும் என்றொரு மூடநம்பிக்கையும் ஆபீசுகளில் உலவுகிறது. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி விண்டோஸிலுள்ள ஓட்டை ஒன்றுக்கு அடைப்பு வெளியிட்டது. மே மாதம் 12-ந் தேதி வானாகிரை என்கிற கொள்ளை நிரல் அதே ஓட்டை வழியாய் ஏறத்தாழ 150 நாடுகளில் புகுந்து, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க வைத்தியசாலைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அடைப்பு வந்து இரண்டு மாதம் ஆகியும் போடாமல் வைத்திருந்த யந்திரங்கள்தான் அகப்பட்டுக்கொண்டன. அப்படிப் பூட்டப்பட்டவர்களில் நகல் வைத்திருந்தவர் மட்டுமே கொள்ளைக்காரனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது.

அச்சக நண்பர் இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் எல்லாவற்றையும் ஒரு தனி டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறார். எடுத்தால் போதாது, திறக்கிறதா என்று பாரும் என்றோம். சென்ற வாரம் ஒரு கலியாணப் பத்திரிகையை அதிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தாராம், திறந்தது. முந்திய ஆறு வருஷத்து வேலைகள் போனது போனதுதான். எலுமிச்சம்பழம் மாத்திரம் இன்னும் தொங்குகிறது. பாட்டரி போட்ட அன்றைக்குத்தான் அதன் சக்தி வேலை செய்யத் தொடங்கிற்றென்று வேலையாட்கள் சொல்லுகிறார்களாம்.