கடிகாரம் மட்டும் போதாது

பாம்பன் ரயில் பாலத்தின்மேல் காற்றின் வேகம் குறித்த வரம்பைத் தாண்டிவிட்டால், அங்கேயே நிறுவப்பட்டுள்ள காற்றுமானி அதை உணர்ந்து, வண்டியை நிறுத்தும் சிவப்பு விளக்கைத் தானே எரியச் செய்கிறது. கரையில் நின்று ஊகிக்காமல் காற்று வீசும் இடத்திலேயே அளக்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டு வளர்கிற இராமநாதபுரத்துப் பிள்ளைகள், பொறியியற் கல்லூரியில் நிரல் எழுதும்போது மாத்திரம், அதன் வேகத்தைக் கடிகாரம் ஒன்றைக் கொண்டே மதிப்பிடப் பழக்கப்படுவார்களானால் அது விசனத்துக்குரிய விஷயம்.

எத்தனை விநாடி ஆயிற்று என்பதைக் கடிகாரம் சொல்லும். ஏன் ஆயிற்று என்பதற்கு அதனிடம் விடை இல்லை. அந்தக் காரணத்தைச் சொல்லும் சாதனம் செயலிக்குள்ளேயே இருக்கிறது. கழிந்த சுழற்சிகள், நிறைவேறிய கட்டளைகள், கேஷ் என்னும் விரைவு நினைவகத்தில் தேடியது கிட்டாத தடவைகள், கிளை பிரியுமிடத்தில் செயலியின் அனுமானம் பொய்த்த தடவைகள் போன்றவற்றை எண்ணிவைக்கும் எண்ணிகள் 1993-இல் வந்த பென்டியத்திலேயே இருந்தன; லினக்ஸில் 2009 முதல் ‘பெர்ஃப்’ என்னும் கருவி அவற்றை எவரும் எளிதில் படிக்கும்படி செய்திருக்கிறது. ‘சி’ மொழியில் பெரிய அணி ஒன்றின் எண்களை வரிசை வரிசையாகக் கூட்டிப் பார்த்து, பிறகு அதையே பத்தி பத்தியாகக் கூட்டினால், கட்டளைகளின் தொகை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, நேரம் மட்டும் பன்மடங்கு பெருகும். நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 64 பைட்டுகள் சேர்ந்தே வருவதால், பத்திவழி செல்பவன் அவற்றில் ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை வீணாக்குகிறான் என்ற உண்மை, கேஷ் எண்ணியைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும்.

இவ்வெண்ணிகளையும் விவேகத்தோடு படிக்க வேண்டும். ஒரே சமயத்தில் எண்ணக்கூடிய நிகழ்வுகள் சிலவே. அதிகம் கேட்டால் இயங்குதளம் அவற்றை முறைவைத்து எண்ணி, மீதியைக் கணக்கிட்டு நிரப்புவதால், சொற்ப நேரமே ஓடும் நிரலில் அந்த மதிப்பு பிசகக்கூடும். மெய்நிகர் கணினிகள் பல இவற்றை மறைத்தும் விடுகின்றன. ஆகையால் ஒவ்வொரு கல்லூரி ஆய்வகத்திலும், எண்ணிகளைப் படிக்க மாணவருக்கு அனுமதி தந்த மெய்யான கணினி ஒன்றேனும் அவசியம் இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம்மவர்க்கு மற்றொரு பாக்கியமும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, 2018-இல் சண்டிகரில் சில்லாகவும் வார்க்கப்பட்ட ‘சக்தி’ செயலியின் வடிவமைப்பு யாவருக்கும் திறந்திருக்கிறது; அது தழுவும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத்தொகுப்பின் விதிகளில் சுழற்சிக்கும் கட்டளைக்கும் எண்ணிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. எண்ணி காட்டும் தொகையோடு நில்லாமல், அது எந்த மின்சுற்றில், எந்தக் கணத்தில் ஒன்று கூடுகிறது என்பதையும் மூன்றாம் ஆண்டு மாணவன் தன் கண்ணால் படித்தறியும்படி, பல்கலைக்கழகம் ‘சக்தி’யின் வடிவமைப்பைச் செய்முறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.