கழுகுக்காக உலகம் அழுதது. தோட்டத்து ஆந்தைக்கு யார் அழுவது?

2023 பிப்ரவரி 2. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நார்த் ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊரில், உயர்ந்த மரத்துக் கூட்டிலிருந்து ஹேரியட் என்ற வெண்தலைக் கழுகு பறந்து சென்றது. அது திரும்பி வரவில்லை. கூட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. இணைக் கழுகு எம்15 இரை தேடி ஓடுவதும், திரும்பி வந்து குஞ்சுகளுக்கு ஊட்டுவதுமாக இருந்தது.

அந்தக் கூட்டை 2012 முதல் இரவும் பகலும் ஒரு கேமரா நேரலையில் காட்டி வந்தது. முட்டையிட்டது, குஞ்சு பொரித்தது, 2022 செப்டம்பரில் இயான் புயல் கூட்டைச் சிதைத்தது, ஜோடி மீண்டும் குச்சி பொறுக்கிக் கட்டியது என எல்லாவற்றையும் பல நாட்டு மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தவர்கள். ஹேரியட் காணாமல் போனதும் அவர்கள் நாள் கணக்கில் திரை முன் காத்திருந்தனர். உடல்கூடக் கிடைக்கவில்லை. குடும்பத்தில் ஒருவரை இழந்தது போல் பலர் அழுதனர்.

அடுத்த ஆண்டு நியூயார்க் நகரின் முறை. மிருகக்காட்சி சாலையில் யாரோ கம்பி வலையை வெட்டிவிட, வெளியேறிய ஃபிளாக்கோ என்ற பெரிய ஆந்தை, ஓராண்டு காலம் நகரத்து எலிகளைப் பிடித்துத் தின்று சுதந்திரமாக வாழ்ந்தது. 2024 பிப்ரவரி 23 அன்று ஒரு கட்டடத்தின் அருகே விழுந்து இறந்தது. அது வழக்கமாக அமரும் மரத்தடியில் மக்கள் கூடி, கடிதங்களையும் பூக்களையும் வைத்து அஞ்சலி செலுத்தினர்.

மலேசியாவும் இப்படி அழுதிருக்கிறது. 2025 மே 11, அன்னையர் தினம். பேராக், கிரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் லாரி மோதி ஒரு யானைக்கன்று மாண்டது. கன்று லாரிக்கு அடியில் சிக்கிக் கிடக்க, தாய் யானை லாரியின் மீது தலையை வைத்து அழுத்தியபடி நகராமல் நின்றது. அந்தக் காணொளியைப் பார்த்துக் கலங்காதவர் குறைவு.

பெயர் இருந்தால்தான் பாசமா?

"பறவைக்கும் விலங்குக்கும் இவ்வளவு அழுகையா? மனிதனுக்கே நாதியில்லை" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் தமிழர் மரபுக்கு இது புதிதல்ல. தேர்க்காலில் சிக்கி இறந்த கன்றுக்காகப் பெற்ற மகனையே தண்டித்த சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்த சமூகம் இது.

எனவே அழுவது தவறா சரியா என்பது இங்குக் கேள்வியல்ல. எதற்கு அழுகிறோம், எதைப் பார்க்காமலேயே கடந்து போகிறோம் என்பதே கேள்வி. ஹேரியட்டுக்குப் பெயர் இருந்தது, கேமரா இருந்தது. கிரிக் யானைக்கு ஒரு கைப்பேசிக் காணொளி இருந்தது. இவை இல்லாத உயிர்கள் போவது யாருக்கும் தெரிவதில்லை.

நெகிரி செம்பிலானில் பகாவ், தம்பின், லிங்கி, ரந்தாவ் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு அப்படி ஓர் உயிரும் தெரிந்திருக்கும். அது கூகை என்ற வெள்ளை ஆந்தை.

மரணப் பறவை, எலிக்கு எமன்

இதய வடிவ வெண்முகம், சத்தமே இல்லாமல் பறக்கும் இறக்கை, இரவில் கிறீச்சிடும் குரல். மலாய்க்காரர்கள் ஆந்தையைப் 'பூருங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை என்கின்றனர். லயத்து மக்களோ, "ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும்" என்று கல்லெடுத்து விரட்டினர். அந்தப் பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

உண்மையில் இந்தப் பறவை தோட்டத்தின் காவலாளி. தீபகற்ப மலேசியாவில் இது கூடு கட்டிப் பெருகத் தொடங்கியது 1960களின் இறுதியில்தான். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைப் பழத்தைத் தேடி எலி பெருகியது. எலியைத் தேடி ஆந்தை வந்தது. அது கக்கிய உருண்டைகளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், அதன் உணவு ஏறக்குறைய முழுக்க எலிதான் என்று கண்டனர். ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

எலியைக் கட்டுப்படுத்தாவிட்டால் செம்பனை எண்ணெய் விளைச்சலில் 5 விழுக்காடு வரை இழப்பு வரலாம் என்று நீண்ட காலமாகச் சொல்லப்படுகிறது. அதனால்தான் பல தோட்ட நிர்வாகங்கள் மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டு, அதன் மேல் ஆந்தைப் பெட்டி வைத்தன. சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, இரவு ஷிப்ட் மட்டும் பார்க்கும் தொழிலாளி என்றே இந்த ஆந்தையைச் சொல்லலாம்.

எலி மருந்து யாரைக் கொல்கிறது?

ஆனால் அதே தோட்டத்தில் எலி மருந்தும் வைக்கப்படுகிறது. மரத்தடிக்கு ஒன்றாக வைக்கப்படும் அந்த மெழுகுக் கட்டியைத் தோட்டத் தொழிலாளர்கள் நன்கு அறிவர்.

இம்மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. உடலுக்குள் இரத்தம் கசிந்து எலி சாகும். 1960களின் இறுதியிலிருந்து பயன்பட்ட வார்ஃபரின் போன்ற பழைய மருந்துகளை எலி பல முறை தின்ன வேண்டும். எலிகள் அதற்குப் பழகிப் போனதால், பிரோடிஃபாகம் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் வந்தன. இவை ஒரு முறை தின்றாலே போதும். ஆனால் எலி உடனே சாவதில்லை, சில நாள்கள் தள்ளாடித் திரிகிறது. தள்ளாடும் எலிதான் ஆந்தைக்குச் சுலபமான இரை. அந்த நஞ்சு ஆந்தையின் ஈரலில் தங்கிவிடுகிறது. அடுத்தடுத்த எலிகளோடு மேலும் சேர்கிறது.

மலேசியத் தோட்டங்களில் இந்தப் புதிய மருந்துகள் வந்த பின் ஆந்தைகள் குறைந்ததை 1980களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டனர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பின்னர் இதே பிரச்சினையை ஆராய்ந்துள்ளனர்.

நியூயார்க் ஃபிளாக்கோவின் உடலைப் பரிசோதித்தபோது கிடைத்த விடையும் இதுவே. புறாவிலிருந்து தொற்றிய கிருமியோடு, நான்கு வகை எலி மருந்து அதன் உடலில் இருந்தது. கட்டடத்தில் மோதாமல் இருந்தாலும் அது பிழைத்திருக்காது என்ற நிலை. நியூயார்க் ஆந்தையையும் நெகிரி செம்பிலான் ஆந்தையையும் தாக்குவது ஒரே வகை நஞ்சு. ஒன்றின் சாவு உலகச் செய்தி. மற்றொன்று மட்டைக் குவியலுக்கு அடியில் கிடந்து மட்கிப் போகிறது.

கண்ணீர் சட்டமான கதை

ஃபிளாக்கோவுக்காக அழுதவர்கள் அழுததோடு நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் நியூயார்க் நகர மன்றம் அதன் பெயரால் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. விஷத்துக்குப் பதிலாக, எலிகளுக்குக் கருத்தடை மருந்து கொடுத்துச் சோதிக்கும் திட்டம் அது.

வெண்தலைக் கழுகின் கதையும் அப்படித்தான். டிடிடி பூச்சிமருந்தால் முட்டை ஓடுகள் மெலிந்து நொறுங்கின. 1963-இல், அலாஸ்கா, ஹவாய் நீங்கலாக, அமெரிக்கா முழுதும் 417 ஜோடிகளே எஞ்சின. ரேச்சல் கார்சன் என்ற பெண்மணி எழுதிய புத்தகம் மக்களை உசுப்பியது. 1972-இல் அங்கு டிடிடி தடை செய்யப்பட்டது. 2007-இல் 9,700-க்கும் மேற்பட்ட ஜோடிகள் இருந்ததால், அழியும் ஆபத்துள்ள உயிரினப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. இன்று கேமரா வைத்துப் பார்க்க ஒரு கழுகுக் கூடு இருப்பதே அந்தத் தடையால்தான்.

நஞ்சு முதலில் தொட்ட கைகள்

இது வெறும் பறவை விவகாரம் என்று தோட்டத் தமிழர்கள் ஒதுக்கிவிட முடியாது. தோட்டத்து நஞ்சை முதலில் தொட்ட கைகள் அவர்களுடையவை. முதுகில் தோம்பு சுமந்து புல்லுக்கு மருந்தடித்த பெண்களின் நகம் கழன்றது, மூக்கில் இரத்தம் வந்தது, மூச்சு திணறியது. தெனாகானித்தா அமைப்பு 2002-இல் இதை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. பாராகுவாட் களைக்கொல்லிக்குத் தடை அறிவித்த அரசாங்கம், 2006-இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான்.

பல ஆண்டுகள் அந்தப் பெண்களின் வேதனையைக் காட்ட எந்தக் கேமராவும் இல்லை. யாரோ போய், உட்கார்ந்து, கேட்டு, எழுதிய பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. பார்க்கப்படாத துயரத்துக்கு நியாயம் தாமதமாகவே வரும் என்பதைத் தோட்டச் சமூகத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியது என்ன?

ஆந்தையா, எலி மருந்தா என்று ஒன்றை மட்டும் உடனே தேர்ந்தெடுப்பது நிர்வாகங்களுக்குச் சுலபமல்ல. எலி கட்டுமீறிப் பெருகினால் ஆந்தை மட்டும் போதாது. ஆனால் நாள்காட்டியைப் பார்த்து மருந்து வைப்பதற்கும், சேதத்தை அளந்து தேவைப்படும் இடத்தில் மட்டும் வைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. ஆர்எஸ்பிஓ, எம்எஸ்பிஓ சான்றிதழ்களும் இரசாயனத்தை மட்டும் நம்பாத ஒருங்கிணைந்த பூச்சிக் கட்டுப்பாட்டையே வலியுறுத்துகின்றன. எம்எஸ்பிஓ 2020 முதல் கட்டாயமாகிவிட்டது. பெட்டியில் குஞ்சு இருக்கும் வட்டாரத்தில் இரண்டாம் தலைமுறை மருந்தைத் தவிர்க்கும்படி தொழிலாளர்களும் தொழிற்சங்கமும் கேட்பதில் தவறில்லை.

தோட்ட மக்கள் தங்கள் அளவில் செய்யக்கூடியவையும் உண்டு. செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதைக்கலாம். வீட்டில் வைக்கும் எலி மருந்தைக் குறைத்துப் பொறி வைக்கலாம். ஆந்தை செத்துக் கிடந்தால் நிர்வாகத்துக்கும் பெர்ஹிலித்தானுக்கும் தெரிவிக்கலாம். பிள்ளைகளிடம், "அது மரணப் பறவை இல்லை, எலிக்குத்தான் மரணம்" என்று சொல்லலாம். தோட்டத்தை ஒட்டியுள்ள தமிழ்ப்பள்ளிகள், ஆந்தைப் பெட்டிக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைக் கையுறை போட்டுப் பிரித்து, எலி எலும்பை எண்ணும் அறிவியல் பாடம் நடத்தலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

சிரம்பான், நீலாய், லாபு பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிக்கொண்டே வருகின்றன. மரம் விழும்போது ஆந்தைப் பெட்டியும் விழுகிறது. லயம் போனபோதும் கோயில் இடம் மாறியபோதும் அந்த மக்கள் பட்ட வலியை வெளியே யாரும் நேரலையில் பார்க்கவில்லை.

புளோரிடாவில் எம்15 தன் இரண்டு குஞ்சுகளையும் தனியாகவே வளர்த்துப் பறக்க வைத்தது. அதைப் பார்க்கப் பல்லாயிரம் கண்கள் இருந்தன. நெகிரி செம்பிலான் தோட்டத்து ஆந்தைக்கு அத்தனை கண்கள் வேண்டாம். காலையில் பிரட்டுக்குப் போகும் வழியில் பெட்டியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, "நேற்று இருந்ததே, இன்று காணோமே" என்று கேட்க ஒருவர் இருந்தால் போதும்.