பழி சிறுநீரகத்தின் மேல்

"கிட்னி போயிருச்சாம்." கிள்ளான் பண்டமாரானில் எங்கள் வரிசையில் குடியிருந்த லோரி ஓட்டுநர் அண்ணனைப் பற்றி இப்படித்தான் பேசிக்கொண்டோம். வயிறு பானையாக ஊதித் தொப்புள் வெளியே தள்ளியிருந்தது. கணுக்காலில் காலுறையின் தடம் பள்ளமாக விழுந்திருந்தது. நாளுக்குக் கால் கிளாஸ் சிறுநீர்கூட இறங்கவில்லை. டயாலிசிஸுக்குப் பணம் திரட்டக் கோயிலில் கூடினோம். பணம் சேருமுன்பே போய்விட்டார். கெட்டது கல்லீரல் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

சிரோசிஸ் வந்து கல்லீரல் இறுகும்போது, குடலிலிருந்து அதற்கு வரும் ரத்தம் வழியில்லாமல் தேங்குகிறது. குடலின் ரத்தக்குழாய்கள் விரிந்துகொள்கின்றன. தமனிகளில் அழுத்தம் இறங்குகிறது. ரத்தம் குறைந்துவிட்டதென்று ஏமாறும் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. அந்த நீர்தான் வயிற்றில் கட்டுகிறது. கடைசியில் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களும் இறுகிவிடுகின்றன. 1969இல் அமெரிக்க மருத்துவர்கள் இப்படி இறந்தவர்களின் சிறுநீரகங்களை எடுத்து வேறு நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். அவை வேலை செய்தன!

அதனால்தான் டயாலிசிஸ் இங்கே தீர்வாகாது. மாற்றுக் கல்லீரல் கிடைக்கும்வரை தாங்கிப்பிடிக்கும் ஒரு பாலம், அவ்வளவே. டெர்லிபிரஸ்சின் ஊசியும் அல்புமினும் சேர்த்துக் கொடுத்தால் சிலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது. ஆனால் வேகமாக முற்றும் வகையில் சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் சில வாரங்கள்தான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையை நம்பியும் இருக்க முடியாது. தசை வற்றிய உடம்பில் அந்த எண் பார்வைக்கு நல்லதாகவே தெரியும்.

அண்ணனின் படுக்கைத் தலைமாட்டில் பொன்ஸ்டான் வலிமாத்திரை அட்டைகள் கிடந்தன, பாதிக்கு மேல் காலி. முதுகுவலிக்குத் தினமும் போட்டாராம். துறைமுக வேலைக்காரர்கள் வீட்டில் இது அரிசி மாதிரி இருக்கும் பொருள். ஈரல் சுருங்கியவருக்கு அந்த வகை வலிமாத்திரை சிறுநீரகத்துக்கு மிச்சமிருக்கும் ரத்த ஓட்டத்தையும் குறைத்துவிடும். வயிற்று நீரில் கிருமி தொற்றினாலும், ரத்தவாந்தி எடுத்தாலும் இதே கதிதான். காய்ச்சலும் வயிற்றுவலியும் கண்ட அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குடியைப் பேசாமல் இதைப் பேச முடியாது. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஆர்.எச்.நாதனை ஆங்கிலேயர் நாடு கடத்தினார்கள். கள்ளு இருந்த இடத்துக்கு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மது கிள்ளான் பள்ளத்தாக்கில் 30க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது நாடே பதறியது. ஆண்டுக்கணக்கில் ஈரலை அரிக்கும் சம்சுவுக்கு அந்தப் பதற்றம் இல்லை.

ஆனால் "குடிச்சுக் கெட்டான்" என்ற சொல்லே பலரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கிறது. ஒரு சொட்டும் தொடாத நம் அம்மாக்களுக்கும் கொழுப்பேறிய ஈரல் சுருங்குகிறது. அதற்கு வழிவிடும் முக்கியக் காரணங்களில் ஒன்று நீரிழிவு. 2019 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் ஏறக்குறைய ஐந்து பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு; இந்தியர்களிடம் அது இன்னும் கூடுதல். வயது, இரண்டு ஈரல் என்சைம்கள், தட்டணு எண்ணிக்கை, இந்த நான்கை வைத்தே ஈரலில் தழும்பு ஏறியிருக்குமா என்று கணித்துவிடலாம். சர்க்கரைக்கு மருந்து வாங்க அரசின் கிளினிக் கெசிஹாத்தானில் வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சுகாதார அமைச்சு உத்தரவிட வேண்டும். அண்ணனும் அந்த வரிசையில் ஆறு வருடம் நின்றவர்தான்.