மீனும் பாலும் மாமியாரும்

சென்ற வாரம் ஒரு நாள் மாலை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அவளுடைய ஐந்து வயதுப் பையனின் கன்னத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வெளிறிய திட்டு. "மீன் குழம்பு சாப்பிட்ட ராத்திரி பால் கொடுத்துட்டேனாம், அக்கா. அதனாலேதான் வந்துதாம். அத்தை பத்து நாளா எங்கிட்டே முகம் கொடுத்துப் பேசலே" என்றாள்.

சகோதரிகளே, இந்தக் குற்றச்சாட்டு உங்களில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறதோ! பிள்ளைக்கு எது வந்தாலும் விசாரணை அடுப்பங்கரையில்தான் ஆரம்பமாகிறது. கூண்டில் நிற்பவளும் எப்போதும் ஒருத்திதான்.

மாமியாரைச் சொல்லியும் குற்றமில்லை. இது அவருடைய கற்பனை அல்ல. ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான சரக சம்ஹிதையில், சூத்திர ஸ்தானம் 26-ஆம் அத்தியாயம், ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவுகளை 'விருத்தம்' என்று வரிசைப்படுத்துகிறது. பால் குளிர்ச்சி, மீன் சூடு. இரண்டும் கூடினால் ரத்தம் கெடும் என்கிறார் ஆத்ரேய முனிவர். தேனையும் நெய்யையும் சம அளவில் கலக்கக் கூடாது என்பதும் அங்கேதான் வருகிறது.

ஆனால் அதே அத்தியாயத்தில், வீடுகளில் யாரும் எடுத்துச் சொல்லாத இரண்டு சமாசாரங்கள் உண்டு. முதலாவது, முனிவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம்! 'சிலிசிமம்' என்னும் ஒரு மீனைத் தவிர மற்ற மீன்களைப் பாலுடன் உண்ணலாம் என்கிறார் பத்ரகாப்யர். ஆத்ரேயர் ஒப்பவில்லை. இரண்டாவது, இன்னும் முக்கியம். பழக்கப்பட்ட உணவாக இருந்தாலும், கொஞ்சமாகச் சாப்பிட்டாலும், ஜீரண சக்தியும் இளமையும் உடல் உழைப்பும் உள்ளவர்களுக்கு விருத்த உணவு தீங்கு செய்யாது என்று நூலே விலக்குக் கொடுக்கிறது. நாள் முழுதும் தெருவில் ஓடியாடும் பையனைச் சரகர் எப்போதோ விடுதலை செய்துவிட்டார். தாயாருக்குத்தான் இன்னும் விடுதலை கிடைக்கவில்லை!

இன்றைய வைத்திய சாஸ்திரம் என்ன சொல்கிறது? வெண்புள்ளி என்பது, தோலுக்கு நிறம் தரும் அணுக்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் பெரும்பாலும் வருவது. அது தொற்றாது. மீனும் பாலும் அதற்குக் காரணம் என்பதற்கு ஆதாரமில்லை. ஸ்காட்லாந்தில் புகையூட்டிய மீனைப் பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்து சூப்பாகவே வைத்துக் குடிக்கிறார்கள். 'பழத்தோடு சேர்ந்தால் பால் வயிற்றில் திரிந்துவிடும்' என்று பயப்படுவாரும் உண்டு. வெறும் பாலானாலும் வயிற்றிலுள்ள அமிலத்தில் திரியத்தான் செய்யும். ஜீரணத்தின் முதல் படியே அதுதான்.

அப்படியானால் பாட்டி சொன்னதெல்லாம் வீணா? இல்லவே இல்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொன்னாளே, அது சரியான யோசனை. நம் குடலால் ஜீரணிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரை பருப்பு வகைகளில் இருக்கிறது. வாயு உண்டாவது அதனால்தான். ஊறவைத்த நீரோடு அதில் ஒரு பங்கு போய்விடுகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. பாலிலுள்ள சர்க்கரையில் ஒரு பகுதியை உறைமோர்க் கிருமிகளே தின்று தீர்த்துவிடுகின்றன. முன் உண்டது செரித்த பிறகு அளவோடு உண்ணச் சொன்னதற்கும் மறுப்பேது?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு 'சேனை' வைக்கிறோமே, அது வேண்டாம். ஒரு வயது நிரம்பும் வரை தேனே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்கிருமி, பச்சிளங் குழந்தையின் குடலில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதும் புத்திசாலித்தனம்தான்.

மற்றபடி, எவருக்கு எது ஆகாது என்பது தேகத்துக்குத் தேகம் வேறு. கைப்பேசியில் வரும் பட்டியலை நம்பிப் பிள்ளையின் பாலை நிறுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் வைத்தியரைக் கேளுங்கள். எங்கள் பக்கத்தில் அதற்கும் குறைவில்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் பஸ்ஸில் போய் வரும் தூரத்தில்தான் இருக்கிறது.

பையன் கதை என்னவாயிற்று என்கிறீர்களா? மறுநாளே தோல் டாக்டரிடம் காட்டினார்கள். சருமம் வறண்ட பிள்ளைகளுக்குச் சகஜமாக வருகிற தேமல்தானாம். தானே மறைந்துவிடும் என்று சொல்லி, தடவுவதற்கு ஒரு களிம்பு கொடுத்தாராம். அன்று இரவு மாமியாரே ஒரு டம்ளர் பாலை ஆற்றிக் கொண்டுவந்தாராம். பேரனுக்கு அல்ல, மருமகளுக்கு. "பத்து நாளா சரியா சாப்பிடவே இல்லையே, இந்தா, குடி" என்றாராம்.

அன்றைக்கும் அந்த வீட்டில் மீன் குழம்புதான்!