ஆறு பேருக்கு ஓர் அண்ணன்!

கல்லூரி திறக்கும் நாள். பஸ்சில் இருந்து ஒரு பையன் இறங்குகிறான். கையில் பெட்டி. பக்கத்தில் அப்பா. அவர் எந்தக் கல்லூரிக்குள்ளும் கால் வைத்தது இல்லை. பையனும் இன்றுதான் வைக்கிறான்.

விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பா ஊருக்குப் போய்விடுகிறார்.

அதன் பிறகு?

பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பறை. நாலு நாள் வராவிட்டால், "ஏன் வரவில்லை?" என்று வாத்தியார் விசாரிப்பார். கல்லூரியில் மணிக்கு ஓர் அறை. பாடம் இங்கிலீஷில். தமிழிலேயே படித்து நல்ல மார்க்கு வாங்கியவன், கடைசி வரிசைக்குப் போய் உட்காருகிறான். கேள்வி கேட்கக் கூச்சம். மூன்றாவது வாரம், "இது எனக்கு ஒத்துவராது" என்று பெட்டியைக் கட்டத் தொடங்குகிறான்!

முன்பு "புகுமுக வகுப்பு" என்று ஓராண்டு இருந்தது. கல்லூரிப் பழக்கம் அந்த ஓர் ஆண்டில் வந்துவிடும். 1978-ல் பள்ளிகளில் பிளஸ்-2 வந்தது. புகுமுக வகுப்பு போய்விட்டது. இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே பட்டப்படிப்புதான். நடுவில் படி இல்லை.

பயமுறுத்திய சீனியர்

இந்தச் சமயத்தில் கைகொடுக்கக் கூடியவன் யார்? பேராசிரியரா? அவரிடம் போகவே பையனுக்குப் பயம். பக்கத்து அறையில் இருக்கும் சீனியர்தான். அவன் போன வருஷம் இதே பெட்டியோடு வந்தவன்.

ஆனால் "சீனியர்" என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோர் நடுங்கிய காலம் உண்டு.

1996 நவம்பரில், சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவரை, சீனியர் மாணவர் ஒருவரே கொன்றார். தமிழ்நாடே பதறியது. 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில். 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

சட்டம் கையைக் கட்டும். அன்பை ஊட்டுமா? அதற்கு வேறு வழி வேண்டும் அல்லவா?

2009-ல் பல்கலைக்கழக மானியக்குழு, நாடு முழுவதற்கும் ராகிங் தடை விதிகளைப் போட்டது. அதில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பலர் கண்ணில் படாத ஏற்பாடு. தாங்களாக முன்வரும் சீனியர்களை, புதிய மாணவர்களுக்கு வழிகாட்டியாக நியமிக்க வேண்டும். 6 புதியவருக்கு ஒரு வழிகாட்டி. அந்த வழிகாட்டிகளில் 6 பேருக்கு, மேல் வகுப்பில் இருந்து ஒருவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாண்டில் 180 பேர் சேர்ந்தால், இரண்டாம் ஆண்டில் 30 வழிகாட்டிகள். அவர்களுக்கு மேல், மூன்றாம் ஆண்டில் 5 பேர். பாம்பாகத் தெரிந்தவன் கையிலேயே மகுடியைக் கொடுத்துவிட்டார்கள்!

என்ன செய்வான்?

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் காரியங்கள்தான்.

100 நாளில் 75 நாளாவது வகுப்புக்கு வராவிட்டால், பரீட்சைக்கே சிக்கல் வரும் என்று சொல்வான். கடைசிப் பரீட்சை மட்டும் போதாது, நடுவில் வைக்கும் சோதனைகளுக்கும் மார்க்கு உண்டு என்பான். எந்தச் சான்றிதழுக்கு எந்த ஜன்னலில் நிற்பது என்று காட்டுவான்.

இந்தக் கடைசி விஷயம் லேசானது அல்ல. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" 2024-ல் தொடங்கியது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகையும் வந்தது. எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். வீட்டில் கேட்டால் யாருக்குத் தெரியும்?

எல்லாவற்றையும்விடப் பெரியது, பேச்சுத் துணை.

"அண்ணே, ஒன்றுமே புரியவில்லை. ஊருக்கே போய்விடுகிறேன்."

"எனக்கும் போன வருஷம் புரியவில்லை தம்பி. ஒரு பாடத்தில் பெயில். மறுபடி எழுதித்தான் பாஸ் பண்ணினேன். சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு வா."

பெயில் ஆனதைப் பேராசிரியர் சொல்ல மாட்டார். அண்ணன் சொல்கிறான். பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

பெண்களுக்கு இது இன்னும் அவசியம். மகள் விடுதியில் அழுகிறாள் என்று தெரிந்தால், "திரும்பி வந்துவிடு" என்று சொல்லும் வீடுகள் உண்டு. மெஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்க ஓர் அக்கா இருந்தால் அந்தப் படிப்பு நிற்காது.

ஆபத்து இல்லையா?

உண்டு. "நான்தான் உன் வழிகாட்டி, போய் என் துணியைத் துவை" என்று சொல்பவனும் வரலாம். அதனால்தான் மேலே இன்னொருவரை வைத்தார்கள். மீறினால் 1800-180-5522 என்ற எண்ணுக்கு, காசு இல்லாமல், எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

வழிகாட்டி டாக்டரும் அல்ல. இரவெல்லாம் தூங்காத பையனை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லும் பெண்ணை, தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது. உடனே ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். "ரகசியம்" என்று மறைப்பது நட்பு அல்ல.

ஒரு பட்டியலை எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டால் மட்டும் போதாது. அந்த 6 பேருக்கும் அண்ணனின் முகம் தெரிய வேண்டும். அறை தெரிய வேண்டும். முதல் வாரத்திலேயே தெரிய வேண்டும்.

கல்லூரியில் சேர்க்கும்போது, "என் பிள்ளை ராகிங் செய்ய மாட்டான்" என்று பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடும் அப்பா, பேனாவைக் கீழே வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்கலாம்: "என் பிள்ளைக்கு வழிகாட்டி யார்?"

பெயரும் அறை எண்ணும் சொன்னால், குறித்துக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறலாம். விழித்தால், முதல்வர் அறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு, அடுத்த பஸ்சில் போகலாம்!