ஏரிக்கு ஈடு ஏரிதான்: பள்ளிக்கரணை வடிநில மக்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
பள்ளிக்கரணை வடிநிலத்து ஏரிப் பாசன விவசாயிகள், உள்நாட்டு மீனவர்கள், குடியிருப்போர் கூட்டுச் சங்கம்.

பெறுநர்
1. அரசுச் செயலாளர், சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை, தலைமைச் செயலகம், சென்னை.
2. உறுப்பினர் செயலர், தமிழ்நாடு மாநில ஈரநில ஆணையம்.
3. தலைமைப் பொறியாளர், நீர்வளத்துறை, சென்னை மண்டலம்.
4. மாவட்ட ஆட்சியர்கள், சென்னை மற்றும் செங்கல்பட்டு.

பொருள்: வளர்ச்சித் திட்டங்களால் அழியும் ஏரி, ஓடை, சதுப்பு நிலங்களுக்கு ஈடாக அதே வடிநிலத்தில் நீர்நிலைகளை மீட்டெடுக்க விதிமுறை வகுத்து அரசாணை வெளியிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

காட்டு நிலத்தைச் சாலைக்கோ சுரங்கத்துக்கோ எடுத்தால், ஈடாக வேறிடத்தில் காடு வளர்க்கப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைக் கையாள 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. ஏரியின் ஒரு மூலையில் மண் கொட்டி மேடாக்கினாலோ, ஓடையைச் சுருக்கிச் சிமென்ட் கால்வாய் ஆக்கினாலோ அப்படியொரு கணக்கு கிடையாது. எங்கள் பகுதித் திட்டங்களுக்கான அனுமதிக் கடிதங்களைப் படித்துப் பார்த்தோம். "மரக்கன்றுகள் நட வேண்டும்", "அருகிலுள்ள நீர்நிலையை மேம்படுத்த வேண்டும்" என்ற அளவோடு முடிந்துவிடுகின்றன. எந்த நீர்நிலை, எவ்வளவு, எந்த நாளுக்குள், சரிபார்ப்பவர் யார் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. இந்தக் குறையை நீக்கத்தான் இம்மனு.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் 1,247.54 ஹெக்டேர் 2022ஆம் ஆண்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதற்காக உழைத்த அலுவலர்களுக்கு எங்கள் நன்றி. ஆனால் சதுப்பு நிலம் தனித்து நிற்பதன்று. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை ஏரி ஏரியாக நின்று, நிதானித்து அங்கே வந்து சேர்கிறது. செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் நன்மங்கலம் வழியாகவும், கீழ்க்கட்டளை ஏரியின் உபரிநீர் நாராயணபுரம் ஏரி வழியாகவும் வருகிறது. பிறகு ஒக்கியம் மடுவில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு கோடி லிட்டர். அந்த இடத்தை மேடாக்கினால் அந்த ஒரு கோடி லிட்டரும் கீழேயுள்ள தெருக்களில்தான் போய் நிற்க வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு விட நேர்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

சட்டத்தில் உள்ள ஓட்டையையும் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ஆற்றுப் போக்குகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்துள்ளன. ஏரிகளால் பெயர்பெற்ற செங்கல்பட்டுச் சீமையில் இதன் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. நூற்றாண்டுகளாகப் பறவை அடைந்து, மீன் பெருகி, நிலத்தடி நீரைக் காத்த ஏரி, மதகும் ஆயக்கட்டும் இருந்த ஒரே காரணத்தால் அந்த விதிகளின் பாதுகாப்பை இழந்து நிற்கிறது. இதற்கிடையே, 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம், நீர்நிலைகளை உள்ளடக்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலப்பரப்பைப் பெருந்திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க வழி செய்துள்ளது. பாதுகாப்பு சுருங்கியிருக்கும் காலத்தில் எடுக்கும் அதிகாரம் விரிந்திருக்கிறது என்பதே எங்கள் அச்சம். ராம்சர் உடன்படிக்கையின் 4ஆவது பிரிவோ, அவசரத் தேசிய நலன் கருதிப் பட்டியலிலுள்ள ஈரநிலத்தின் எல்லையைக் குறைத்தால், அந்த இழப்பை இயன்றவரை ஈடுசெய்ய வேண்டும் என்கிறது. 1982 முதல் இந்தியா அதில் உறுப்பு நாடு. பட்டியலிலுள்ள சதுப்புக்கு ஒப்புக்கொண்ட நெறியை அதற்கு நீர் தரும் ஏரிகளுக்கும் பொருத்துங்கள் என்றே கேட்கிறோம்.

ஈடு என்ற பெயரில் இப்போது நடப்பது என்ன என்பதற்கு ஒரு சான்று. யார் பெயரையும் சொல்லிக் குற்றஞ்சாட்டுவது எங்கள் நோக்கமன்று. ஆகவே ஏரியின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் தவிர்க்கிறோம். முன்பு அந்த ஏரியின் உள்வாய் மெல்லச் சரிந்து இறங்கும். ஓரத்தில் கணுக்கால் அளவு நீர், அதில் கோரையும் சம்பும். நெடுங்கால் உள்ளான் நடந்து இரை பொறுக்கியது அங்கேதான். நாமக்கோழி கூடு வைத்ததும், விரால் தன் குஞ்சுகளைக் காத்ததும் அந்தப் புதருக்குள்தான். சீரமைப்பில் கரையோரம் முழுவதும் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்தார்கள். உள்வாயை ஒரே ஆழத்துக்குத் தோண்டினார்கள். நடுவில் வட்டமாக ஒரு மண் திட்டு, கரைமேல் பேவர் பிளாக் நடைபாதை, இரும்பு இருக்கைகள். உள்ளான் நிற்க இடமில்லை. ஆழத்தில் அது இரை தேட முடியாது.

பறவையைக் கூட விடுங்கள். வரத்துக் கால்வாய் ஒரு குடியிருப்பின் மதில் அடியில் மறைந்துவிட்டதால் மழைநீர் ஏரிக்குள் வருவதில்லை, வருவது கழிவுநீர். மதகின் பலகையைத் தூக்கினால் கறுப்பு நீர் நுரைத்து வெளியேறுகிறது. கலங்கலைப் புதுக்கி வண்ணம் பூசியிருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கீழே போக்குக் கால்வாயே இல்லை. பணி நிறைவுச் சான்றில் எத்தனை கன மீட்டர் வண்டல் அள்ளப்பட்டது என்பது மட்டும் துல்லியமாக இருக்கிறது.

பிற நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆவது பிரிவின்கீழ், ஈரநிலத்தையோ ஓடையையோ நிரப்புபவர் ஈடாக வேறிடத்தில் மீட்டுத் தர வேண்டியிருக்கிறது. நிகர இழப்பு கூடாது என்ற கொள்கையையும் அந்நாடு ஏற்றது. எனினும், 2001இல் அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் குழு ஆய்ந்து, ஈரநிலங்கள் செய்துவந்த பணிகளைப் பொறுத்தவரை அந்தக் கொள்கை நிறைவேறவில்லை என்று அறிவித்தது. உறுதி தந்த பணிகள் சில தொடங்கப்படவே இல்லை. செய்யப்பட்டவற்றில் பல நிபந்தனைகளை எட்டவில்லை. அதன் பிறகு வந்த 2008ஆம் ஆண்டு விதிகள் நீர்ப்பிடிப்புப் பகுதியை அடிப்படையாகக் கொண்டு ஈட்டைத் தீர்மானிக்கவும், நிதி உத்தரவாதம் பெறவும், குறைந்தது 5 ஆண்டுகள் கண்காணிக்கவும் வழி செய்தன. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் தொடக்கத்திலேயே விதியாக்கிக்கொள்ளலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

ஈடு கொடுத்துவிட்டால் எதையும் எடுக்கலாம் என்ற நிலை வரவே கூடாது. ராம்சர் எல்லைக்குட்பட்ட பகுதி, அதற்கு நீர் கொண்டுவரும் ஓடைகள், ஒக்கியம் மடுவு ஆகியவற்றை எந்த ஈட்டுக்கும் விட்டுக்கொடுக்க முடியாதவை என்று அறிவிக்க வேண்டும். மற்ற இடங்களிலும், மாற்று வழித்தடமோ மாற்று நிலமோ இல்லை என்று திட்டத்தார் எழுத்துமூலம் நிறுவிய பிறகே ஈடு பற்றிய பேச்சு எழ வேண்டும். 2023 சட்டத்தின்கீழ் வரும் திட்டங்களுக்கும் இது பொருந்த வேண்டும்.

இழப்பு எந்த ஏரித் தொடரில் நேர்கிறதோ அதே தொடரில்தான் ஈடும் அமைய வேண்டும். கீழ்க்கட்டளையில் இழந்ததற்கு மதுராந்தகத்தில் தூர்வாரினால் நாராயணபுரத்துத் தெருவில் நீர் வடியாது. மேலும், ஈட்டுப் பணி முடிந்து ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது தாங்கிக் காட்டிய பின்னரே மூல நீர்நிலையில் கை வைக்க அனுமதி தர வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை மட்டும் ஏற்றாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று உறுதியாக நம்புகிறோம்.

ஈட்டை ரூபாயிலோ மரக்கன்றிலோ அளக்கக் கூடாது. மீண்ட கொள்ளளவு, திறக்கப்பட்ட வரத்துக் கால்வாயின் நீளம், கழிவுநீர் அடைக்கப்பட்ட வாய்கள், ஆழமற்ற ஓரப் பரப்பு, மீனும் பறவையும் திரும்பிய நிலை ஆகியவற்றால் அளக்க வேண்டும். நடைபாதை, நீரூற்று, படகுத்துறை, விளக்குகளை ஈட்டுக் கணக்கில் ஒரு பைசாகூடச் சேர்க்கக் கூடாது.

திட்ட மதிப்பில் ஒரு பகுதியை வைப்புத்தொகையாகப் பெற்று, 5 பருவமழைகள் வரை ஆண்டுதோறும் ஆய்வு செய்து, எட்டிய இலக்குக்கு ஏற்பத் தவணைகளில் விடுவிக்க வேண்டும். ஆய்வுக் குழுவில் ஆயக்கட்டு விவசாயிகளும், ஏரியில் வலை வீசும் மீனவர்களும், கலங்கலுக்குக் கீழே குடியிருப்போரும் இடம்பெற வேண்டும்.

எந்தப் புல எண்ணில் எவ்வளவு நீர்நிலைப் புறம்போக்கு எடுக்கப்பட்டது, ஈடாக எது மீட்கப்பட்டது என்ற பதிவேட்டை அ-பதிவேட்டோடும் புல வரைபடத்தோடும் ஒப்பிட்டுத் தமிழில் தயாரித்து, கிராம நிர்வாக அலுவலகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

பெருங்குடி குப்பை மேட்டில் பயோமைனிங் (பழைய குப்பையைத் தோண்டித் தரம்பிரித்து அகற்றுதல்) மூலம் மீட்கப்படும் நிலத்தில் கட்டடமோ அலங்காரப் பூங்காவோ அமைக்காமல், அதை மீண்டும் சதுப்பாக்க வேண்டும். இந்த வடிநிலத்தில் ஈட்டுப் பணியைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கடைசியாக, நீர்நிலை மீட்பு என்றதும் இயந்திரம் முதலில் போய் நிற்பது ஏழைகளின் வீட்டு வாசலில். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. இரண்டும் இதே சதுப்பின் ஓரத்தில், பெருமழையில் நீர் சூழும் தாழ்நிலத்தில் இருப்பவை. ஒரு நீர்க்கரையிலிருந்து எடுத்து இன்னொரு நீர்க்கரையில் விடுவதை மறுவாழ்வு என்று எங்களால் ஏற்க இயலாது. ஈட்டுத் திட்டத்துக்காக யாரையேனும் இடம் மாற்ற நேர்ந்தால், வேலைக்கும் பள்ளிக்கும் எட்டும் தொலைவில், வெள்ளம் தொடாத நிலத்தில் வீடு தந்த பிறகே அகற்ற வேண்டும். பெருநிறுவன வளாகங்களும் அரசுக் கட்டடங்களும் மறித்துள்ள கால்வாய்களை முதலில் திறக்க வேண்டும்.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேற்கண்ட அலுவலகங்களும் எங்கள் சங்கமும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைக் கூட்டி, வரைவு அரசாணையைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்குமாறு வேண்டுகிறோம். கீழ்க்கட்டளை முதல் ஒக்கியம் மடுவு வரை கால்வாய் வழியே நடந்து கூட்டாய்வு செய்ய நாள் குறித்தால், அடைபட்ட இடங்களைப் புல எண்ணோடு காட்ட எங்கள் உறுப்பினர்கள் உடன் வருவார்கள். அதற்கான கைவரைபடத்தையும் ஊர்வாரிக் கையொப்பத் தாள்களையும் இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்.