உலோகமும் உபாத்தியாயரும்

சென்ற வாரம் என் பழைய மாணாக்கன் ஒருவனுடைய பட்டறைக்குப் போயிருந்தேன். "உனக்கு ரஸாயனம் ஏறாது" என்று ஒரு காலத்தில் நான் கைவிட்ட பையன். இன்று அவன் 'டிக் வெல்டிங்' என்னும் பற்றவைப்பைப் பிறருக்குக் கற்பிக்கிறான்.

3,400 டிகிரி சென்டிகிரேடிலும் உருகாத டங்ஸ்டன் ஊசி. அதன் நுனியில் மின்சார ஜ்வாலை. காற்று அண்டாதபடி சுற்றிலும் ஆர்கான் வாயு. 1941-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர், விமானத்துக்கு வேண்டிய மக்னீஷியத்தை ஒட்டுவதற்காக ஹீலியம் வாயுவைக் கொண்டு வகுத்த முறை இது.

"முதலில் இரும்பில் பழகச் சொல்வேன், ஸார். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து, திடீரென்று ஓட்டையாகிவிடும்" என்றான்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிந்த ஆக்ஸைடுத் தோலோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அத்தோலைக் களையவே திசை மாறும் மின்சாரம் வேண்டும். எஃகுக்கு ஒரே திசை மின்சாரம் போதும். டைட்டானியமோ, சூடு ஆறுமுன் வாயுப் போர்வையை விலக்கினால் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும்.

"கற்பவன் கை நடுங்கி, ஊசி உருகிய குழம்பில் பட்டுவிட்டால்?" என்று கேட்டேன்.

"நுனியைத் தீட்டிவிட்டு மறுபடியும் தொடங்குவான். நூறு தடவையானாலும், 'ஏறாது' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, ஸார்."

நினைவில் வைத்துத்தான் சொன்னானோ, அறியேன். வகுப்பு முழுவதற்கும் ஒரே நெருப்பைக் காட்டி வந்த நான், பதில் சொல்லாமல் விடை பெற்றேன்.